ஒளிவட்டமும் ஒரு ஸ்பூனும்: ‘எதிர்ப்பு சக்தி’ விளம்பரங்களின் அறிவியல்

தில்லியில் குளிர் வருவதற்கு ஒரு மாதம் முன்பாகவே சியவனப்பிராச விளம்பரம் வந்துவிடும். தசரா முடிந்து தீபாவளிக்கு வீடு ஒழித்துக்கொண்டிருக்கும் சமயத்தில் தொலைக்காட்சியைப் போட்டால், ஒரு பையன் பனியில் விளையாடிக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டுப் பையன் தும்முவான். முதல் பையனின் அம்மா சிரித்துக்கொண்டே ஸ்பூனை நீட்டுவாள். உடனே அவன் உடம்பைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தோன்றும். பச்சைநிறக் கிருமிகள் அதில் மோதிச் சிதறும். மழைக்காலமானால் இதே கதை மால்ட் பானத்துக்கு, கோடையில் பழரசத்துக்கு. பையன் மாறுவான், டப்பா மாறும், ஒளிவட்டம் மட்டும் மாறாது.

கச்சேரிக்கு விமர்சனம் உண்டு; நம் தில்லியிலேயே சுப்புடு இருந்தார், என்ன எழுதப்போகிறாரோ என்று பயந்துகொண்டே மேடை ஏறிய வித்வான்கள் உண்டு. நாடகம், சினிமா, புத்தகம் எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு நாளைக்குப் பல தடவை கூடத்துக்குள் நுழைந்து, அடுக்களை அலமாரி வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்கிற இந்த முப்பது விநாடிப் படைப்புக்கு எவரும் எழுதக் காணோம். இந்தக் கட்டுரையில் அதைச் செய்து பார்க்கிறேன். நடிப்பைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் எனக்குப் பேச்சில்லை. ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்று வருகிற பகுதி எவ்வளவு தேறும் என்பதே என் விஷயம்.

ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் நெருக்கமான சமாசாரம். ஊரில் குழந்தைக்குச் சளி பிடித்தால் பாட்டி கற்பூரவல்லிச் சாறு பிழிவாள், அத்தை தூதுவளை ரசம் வைப்பாள், எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, “பயப்படாதேம்மா, நாலு நாள்ல தானாப் போயிடும்” என்பாள். முதல் இரண்டுக்கும் மருந்துக் குணம் எவ்வளவு என்பது தனிக் கதை. மூன்றாவது நிச்சயம் உண்மை. சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே விலகும். துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ நாலாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கும் இளம் தாய்க்கு அந்த மாமி கிடையாது. அந்தக் காலி நாற்காலியில், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, விளம்பரம் வந்து உட்காருகிறது. மாமி பயத்தைத் தணித்தாள். இதுவோ முதலில் பயத்தை உண்டாக்கிவிட்டு, பிறகு டப்பாவை எடுத்து நீட்டுகிறது.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சிறு குழந்தைக்கு வருஷத்தில் ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பு என்று குழந்தை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதாவது குளிர்காலத்தில் ஏறக்குறைய மாசத்துக்கு ஒன்று. ‘எங்க பையனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லை’ என்று நாம் அங்கலாய்க்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் இந்தக் கணக்குக்குள் அடங்குகிறவர்கள்தான். ஐந்து, ஆறு வயசு தாண்டும்போது சளி தானாகவே குறையும்; உடம்பு அதுவரை சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்துக்கொண்டுவிடும். நாலு வயசில் வாங்க ஆரம்பித்த டப்பாவுக்கு ஆறு வயசில் பெயர் கிடைத்துவிடுகிறது. “போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவோ தேவலை, அதைக் குடுக்க ஆரம்பிச்சதிலேருந்துதான்” என்று நாமே நாலு பேரிடம் சொல்கிறோம். கம்பெனிக்காரன் காசு கொடுக்காமல் கிடைக்கும் விளம்பரம் அது.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘எதிர்ப்பு சக்தி’ என்ற தொடரில் ‘சக்தி’ என்று கேட்டதும் நம் மனசில் ஓர் அளவு தோன்றுகிறது, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் மாதிரி. குறைந்தால் ஏற்றலாம், ஏற ஏற நல்லது. பாடநூல்காரர்கள் ‘நோய்த்தடைக்காப்பு மண்டலம்’ என்று எழுதுவது வாய்க்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மண்டலம் என்றால் பல உறுப்புகள், பல வேலைகள். தோலும் சளிச்சவ்வும் இரைப்பை அமிலமும் வாசற்காவல். உள்ளே நுழைந்ததை விழுங்கும் வெள்ளணுக்கள் ஒரு வகை. ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியாக எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் வேறு வகை, அவை பழைய பகைவனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் விதம் வேறு. இத்தனைக்கும் மேலே, ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் அணுக்களும் உண்டு. எதை ஏற்றப்போகிறார்கள்? விழுங்குவதையா, எதிர்ப்பொருளையா, நிறுத்துவதையா? விளம்பரம் சொல்வதில்லை.

ஏற்றுவது எப்போதும் நல்லதும் இல்லை. ஒவ்வாமை, ஆஸ்துமா, முடக்குவாதம், சிறு வயசிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோய் எல்லாம் இந்த மண்டலம் தேவையற்ற இடத்தில் தீவிரம் காட்டுவதால் வருபவை. நவம்பர் மாதப் புகையில் தில்லிக் குழந்தை தும்முகிறது என்றால் அதில் ஒரு பங்கு ஒவ்வாமைத் தும்மல். காவலாளி விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறான்; அவனுக்கு இன்னும் ஒரு தடி வாங்கிக் கொடுப்பதா? 2020-இல் கொரோனா முற்றிய நோயாளிகளுக்கு இறப்பைக் குறைக்கும் என்று இங்கிலாந்தின் பெரிய ஆய்வில் முதலில் நிரூபணமான மருந்து டெக்ஸாமெதசோன். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களிடையே இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது எதிர்ப்பு வேகத்தை அடக்குகிற மருந்து. நாடெங்கும் கடைகளில் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ அடுக்கிவைத்திருந்த அதே ஜூன் மாதத்தில் வெளிவந்த முடிவு அது.

அப்படியானால் டப்பாவில் இருப்பது பொய்யா? பெரும்பாலும் இல்லை. இங்கேதான் விமர்சகன் நிதானிக்க வேண்டும். 2023 ஏப்ரலில் போர்ன்விட்டாவின் சர்க்கரையைப் பற்றி ஒரு வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அப்போது அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், ஏ, சி, டி வைட்டமின்கள், இரும்பு, துத்தநாகம், செம்பு, செலினியம் ஆகியவை தங்கள் பொருளில் இருக்கின்றன, அவை எதிர்ப்பு சக்திக்கு உதவுபவை, டப்பாவின் பின்பக்கம் பல ஆண்டுகளாகவே இதைச் சொல்லி வருகிறோம் என்று இருந்தது. இதில் தவறு கண்டுபிடிக்க முடியாது. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம், உணவுப் பொட்டலங்களில் எழுதலாம் என்று 222 வாசகங்களை அனுமதித்தது. இந்த ஏழு சத்துகளுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ‘நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இயல்பான செயல்பாட்டுக்குப் பங்களிக்கிறது’ என்பது அங்கே அனுமதிக்கப்பட்ட வாசகம்.

அந்த வாசகத்தை இன்னொரு தடவை படியுங்கள். ‘இயல்பான’ என்று இருக்கிறது. ‘அதிகமான’ என்று இல்லை. ‘பங்களிக்கிறது’ என்றால் அது இல்லாவிட்டால் வேலை கெடும் என்று பொருள், இருந்தால் வேலை கூடும் என்று பொருள் இல்லை. சக்கரத்துக்கு அச்சாணி பங்களிக்கிறது. ரெண்டு அச்சாணி போட்டால் வண்டி ரெட்டை வேகத்தில் ஓடாது. அதோடு இந்த வாசகம் சத்தைப் பற்றியது. அந்தச் சத்து உரிய அளவில் இருக்கிற எந்த உணவுக்கும் அது பொருந்தும். நம் வீட்டு முருங்கைக்கீரைப் பொரியலின் பாத்திரத்திலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டிக்கொள்ளலாம், சட்டம் தடுக்காது. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற இந்த உண்மையான வாக்கியம், தொலைக்காட்சிக்கு வரும்போது ஒளிவட்டமாகிவிடுகிறது. பொய் எங்கே நுழைந்தது என்று கேட்டால், எழுத்திலிருந்து படத்துக்குப் போகிற வழியில் என்றுதான் சொல்ல வேண்டும். படத்துக்கு எவரும் ஆதாரம் கேட்பதில்லை அல்லவா?

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது: 20 கிராம் அளவுக்குச் சேர்த்த சர்க்கரை 7.5 கிராம். காலையும் மாலையும் இரண்டு டம்ளர் என்றால் 15 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கடுமையான வரம்பை எடுத்துக்கொண்டால், ஏழெட்டு வயசுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்த சர்க்கரை சுமார் 20 கிராமுக்குள் இருக்க வேண்டும். பிஸ்கட், ஜாம், பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் கேக் எல்லாவற்றுக்கும் மிச்சம் ஐந்து கிராம்தான். அந்த ஆண்டின் கடைசியில் சர்க்கரையை 100 கிராமுக்கு 37.4-லிருந்து 32.2 கிராமாகக் குறைத்தார்கள். சியவனப்பிராசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெல்லிக்காய் லேகியம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான டப்பாக்களில் எடையில் பாதிக்குக் குறையாமல் சர்க்கரைதான்.

சத்துக்கும் எதிர்ப்பு மண்டலத்துக்கும் உள்ள உறவைப் பற்றி உலகம் பேசும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று நம் திருச்சி மாவட்டத்தில் நடந்தது. இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1986-இல் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆல்ஃபிரெட் சோமர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், வைட்டமின் ஏ கொடுத்தால் குழந்தைகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டார்கள். பலர் நம்பவில்லை. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லக்ஷ்மி ரஹ்மதுல்லாவின் குழு, திருச்சி மாவட்டக் கிராமங்களில் பள்ளி வயசுக்கு முந்திய சுமார் 15,000 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு வாரம் ஒரு தடவை சொட்டு மருந்தாகச் சிறிய அளவில் வைட்டமின் ஏ. மற்றவர்களுக்கு அது இல்லாத சொட்டு. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது, எது எது என்று. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு. 1990-இல் அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இதைவிடப் பெரிய சாட்சியம் டப்பாக்காரருக்குக் கிடைக்குமா? கொஞ்சம் பொறுங்கள். அவை ஊட்டம் குறைந்த குழந்தைகள். வைட்டமின் ஏ பற்றாக்குறையால் கண் பாதிக்கப்பட்டவர்கள் சகஜமாக இருந்த கிராமங்கள் அவை. பலன் அதிகம் தெரிந்ததும் மூன்று வயசுக்குட்பட்டவர்களிடமும், நாள்பட்ட ஊட்டக்குறைவால் வளர்த்தி குன்றியவர்களிடமும்தான். பள்ளம் இருந்தது, நிரப்பினார்கள். பள்ளம் இல்லாத இடத்தில் கொட்டினால் மேடாகும் என்பதற்கு இதில் சான்றில்லை. கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆந்திரக் கிராமங்களில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தது. இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. இறப்புக் குறைவு வெறும் 4 சதவீதம்; அதுவும் தற்செயல் இல்லை என்று உறுதி சொல்ல முடியாத அளவு. ஒரே சத்து, ஒரே நாடு, மூன்று முடிவுகள். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

திருச்சி ஆய்வின் இரண்டாவது கட்டுரை 1991-இல் வந்தது. முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் சுவாச நோய்களும் எத்தனை தடவை வந்தன என்று வாரா வாரம் குறித்திருந்தார்கள். இரு குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை! இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் இருமலும் பேதியும் வருவது குறையவில்லை. வந்த நோயைத் தாங்கிப் பிழைத்தார்கள், அவ்வளவுதான். அவ்வளவு வறுமையில், அவ்வளவு பற்றாக்குறையில், அவ்வளவு நல்ல பலன் கிடைத்த இடத்திலேயே பையன் தும்முவது நிற்கவில்லை. நம் விளம்பரப் பையனோ கன்னம் கொழுகொழுவென்று இருக்கிறான். அவனுக்கு ஒரு ஸ்பூனில் தும்மல் நின்றுவிடுமாம்.

வைட்டமின் சி கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970-இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதியதிலிருந்து உலகமே மாத்திரை விழுங்கத் தொடங்கியது. 2013-இல் 29 ஆய்வுகளை, பதினோராயிரத்துச் சொச்சம் பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தினமும் சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் சீக்கிரம் விலகியது. ஏழு நாள் சளியில் ஒரு நாள் லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள் போன்றவர்களுக்கு மட்டும் பாதியாகக் குறைந்தது. ஸ்கூல் பஸ் பிடிக்க ஓடுவது மாரத்தானில் சேராது. குளிர்காலத்தில் இங்கே வண்டியில் கறுப்புப்பு தூவி விற்கிறார்களே அமிருத், அந்தக் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதாக நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் சொன்ன அளவு 80 மில்லிகிராம்.

அடுத்தது சதவீத வித்தை. தயிர் வகைப் பானங்களில் உயிருள்ள நுண்ணுயிர் சேர்த்து, சின்னச் சின்ன பாட்டிலில் விற்பது இன்று தில்லியிலும் சகஜம். அமெரிக்காவில் டானன் நிறுவனம் அப்படி ஒரு பானத்தை விற்றது. அதில் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஆய்வகத்தில் வெறும் எழுத்தும் எண்ணும் கொண்ட பெயர்தான். விற்பனைக்காக ‘இம்யூனிடாஸ்’ என்று லத்தீன் மாதிரி ஒலிக்கும் பெயர் சூட்டினார்கள். பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். வாஷிங்டன் பகுதியில் 3 முதல் 6 வயதுள்ள 638 குழந்தைகளிடம், நிறுவனத்தின் பணத்தில், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முறையாகவே சோதித்தார்கள். 2010-இல் முடிவு வந்தது: தொற்று நோய்கள் 19 சதவீதம் குறைவு. புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தாண்டிய முடிவு. ஆனால் நோயால் பள்ளிக்குப் போகாத நாட்களில் குறைவில்லை. எந்த அம்மாவிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ‘எத்தனை நாள் லீவு?’ என்பதுதான் அவள் கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் நேர்மையாக எழுதினார்கள். விற்பனைப் பிரிவுக்கு முதல் வரி போதும். அதே 2010 டிசம்பரில், சளியும் ஃப்ளூவும் வராது என்ற பொருள்படும் விளம்பரங்களுக்காக 39 மாநில அரசுகளுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கட்டி அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

நம் பக்கத்துச் சதவீதம் இதைவிட அழகு. மஞ்சளில் உள்ள குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் உடம்பு ஏற்பது 2000 சதவீதம் கூடுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் காட்டினார்கள். நல்ல ஆராய்ச்சி. மஞ்சள், மிளகு என்று பெயர் வருகிற பாதிப் பொருள்களின் விளம்பரத்துக்கு இதுதான் மூலதனம். அதன் இன்னொரு பாதி என்ன? அதில் தனியாக 2 கிராம் குர்குமின் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது அளவுக்கே சிக்கவில்லை, அல்லது மிக மிகக் குறைவாக இருந்தது. சைபருக்குப் பக்கத்தில் இருப்பதை இருபது மடங்கு ஆக்கினால் என்ன வரும் என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். அந்த 2 கிராமும் சுத்தமான குர்குமின். மஞ்சள்பொடியில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான். ஆக 2 கிராமுக்குச் சுமார் 65 கிராம் மஞ்சள்பொடி வேண்டும். அந்தப் பாலை யார் குடிப்பது? குர்குமினைப் பற்றி வந்த ஏராளமான ஆய்வுகளை 2017-இல் அலசிய வேதியியலாளர்கள், கட்டுப்பாடுகளோடு நடந்த மருத்துவச் சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். மஞ்சள் பால் இதமாக இருக்கிறது, தொண்டைக்குச் சுகம். அதற்காகக் குடிப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது.

பயக்காலத்தில் இந்த வியாபாரம் எப்படித் துளிர்க்கும் என்பதற்கு 2009 ஓர் ஒத்திகை. பன்றிக் காய்ச்சல் பீதியில் உலகம் இருந்தபோது, அமெரிக்காவில் கெல்லாக் நிறுவனத்தின் ரைஸ் கிரிஸ்பீஸ், கோக்கோ கிரிஸ்பீஸ் பெட்டிகளில், ‘இப்போது உங்கள் குழந்தையின் எதிர்ப்பு சக்திக்குத் துணை’ என்ற பொருளில் கொட்டை எழுத்து. வைட்டமின்களை அன்றாடத் தேவையில் 25 சதவீதமாக உயர்த்தியிருக்கிறோம் என்பது அவர்கள் நியாயம். கோக்கோ கிரிஸ்பீஸின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு சர்க்கரை. சான்பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் அக்டோபரில் ‘ஆதாரம் காட்டு’ என்று கடிதம் எழுதினார். நவம்பரில் வாசகத்தை எடுத்துவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 2010-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் உத்தரவையும் இறுக்கியது.

2020-இல் நம் நாட்டில் நடந்தது அதன் முழு நாடகம். மார்ச் 31 அன்று ஆயுஷ் அமைச்சகமே காலையில் 10 கிராம் சியவனப்பிராசம், 150 மில்லி சூடான பாலில் அரை ஸ்பூன் மஞ்சள் என்று எதிர்ப்பு சக்திக்கு அறிவுரை வெளியிட்டது. அரசு முத்திரை விழுந்த பிறகு யாருக்கு என்ன தயக்கம்? அமுல் மஞ்சள் பால் விற்றது. மதர் டெய்ரி அதற்குப் பட்டர்ஸ்காட்ச் வாசனையும் சேர்த்தது. வங்காளத்தில் துளசியும் சுந்தரவனத் தேனும் கலந்த ‘ஆரோக்ய சந்தேஷ்’ பேசப்பட்டது. நம் கோவைப் பக்கத்தில் ஓர் இனிப்புக் கடைக்காரர் ஜூலை மாதத்தில் மூலிகை மைசூர்பா போட்டு, அது கொரோனாவை ஒரே நாளில் குணமாக்கும் என்று துண்டுப்பிரசுரம் விநியோகித்தார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்க் கடையைப் பூட்டினார்கள். மைசூர்பாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம் எல்லாரும். ‘குணமாக்கும்’ என்று வாய்விட்டுச் சொன்னதால் அவர் மாட்டிக்கொண்டார். சொல்லாமல் ஒளிவட்டம் மட்டும் போட்டிருந்தால் இன்றைக்கும் விற்றுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்பு மண்டலத்துக்கு நிஜமாகவே பாடம் சொல்லிக் கொடுக்கிற ஒரு பொருள் உண்டு, தடுப்பூசி. இன்ன கிருமி என்று பெயர் சொல்லி, இத்தனை பேருக்கு இவ்வளவு பாதுகாப்பு என்று கணக்குக் காட்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். ஒரு சியவனப்பிராச விளம்பரத்தில்கூட, ‘ஊசி எல்லாம் போட்டாச்சா?’ என்று அந்த அம்மாவை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிகாட்டும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். 2018-இல் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் தனி விதிமுறை வந்தது; உணவு நோயைக் குணப்படுத்தும் என்று குறிப்பாகக்கூடச் சொல்லக் கூடாது, சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்கிறது அது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனைக்காரர்கள் போர்ன்விட்டா முதலான பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைக்கக் கூடாது என்றது. அப்படி ஒரு வகையே சட்டத்தில் இல்லையாம். அதே மாதம் ஹார்லிக்ஸ்காரர்களும் தங்கள் வகைப்பெயரில் இருந்த ‘ஹெல்த்’தை எடுத்துவிட்டு வேறு நீளமான பெயர் வைத்துக்கொண்டார்கள். எத்தனை வருஷமாக அந்தச் சொல்லை நம்பிக் காசு கொடுத்தோம் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆனாலும் பெரும்பாலும் பிடிபடுவது வாசகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தையும் பாட்டையும், அம்மாவின் முகத்தில் வரும் கவலையையும் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதனால் டப்பாவைக் கையில் எடுத்தால் நான் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பின்பக்கத்தில் நட்சத்திரக் குறி எங்கே போய் முடிகிறது என்று தேடுவேன். ‘ஆய்வில்’ என்று இருந்தால் யாரிடம் செய்த ஆய்வு, எலியிடமா, சோதனைக் குழாயிலா, பசித்த குழந்தையிடமா? ‘மூன்று மடங்கு’ என்று இருந்தால் எதைவிட? ரத்தத்தில் ஏதோ ஓர் அணுவின் சுறுசுறுப்பு கூடியதா, அல்லது பிள்ளை படுத்த நாட்கள் குறைந்தனவா? பாலில் கலந்து கொடுத்துவிட்டு, பால்கூடக் குடிக்காத குழந்தையோடு ஒப்பிட்டார்களா? இதில் ஒன்றுக்காவது டப்பாவிலேயே பதில் இருந்தால் அந்தக் கம்பெனியை மெச்சுவேன்.

பதில் இல்லாமல் ஒளிவட்டம் மட்டும் இருந்தால் புகார் செய்ய வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். விளம்பரத் தரக் கவுன்சில் 1985-லிருந்து மும்பையில் இருக்கிறது, தனி ஆளின் புகாரையும் எடுத்துக்கொள்ளும், கட்டணம் கிடையாது. விளம்பரம் வந்த தேதி, நேரம், சானல் பெயர் மூன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டப்பாவின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சின்ன எழுத்து தெளிவாக விழ வேண்டும். பெரும்பாலும் அது மடிப்பில்தான் இருக்கும்.